பசுமை வீடு: நான்கு வருடம் கழித்து எது நின்றது, எது உதிர்ந்தது

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது. வேலை முடிந்த வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் வாங்கியதையெல்லாம் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருப்பேன். நல்லவேளை, சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

முதலில் படுக்கையறைச் சுவர். ஒரு மூலையில் மழைக்காலம்தோறும் ஓதம் ஏறிக் கறுப்பாகப் பூஞ்சை படரும், எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும், அதனால் பழைய முறைப்படி சுண்ணாம்பு அடித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அவசரப்பட்டு ஏற்கெனவே இருந்த எமல்ஷன் பெயின்ட் மேலேயே அடித்தேன். ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரிந்து மெத்தையில் கொட்டியது. தப்பு சுண்ணாம்பில் இல்லை, என்னிடம்தான். சுண்ணாம்புக்குத் தண்ணீரை உறிஞ்சும் சுவர் வேண்டும், பிளாஸ்டிக் தோல் போர்த்திய சுவரில் அது எதைப் பிடித்து நிற்கும்?

இரண்டாவது முறை பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் சாந்துப் பூச்சு தெரியும்வரை சுரண்டினேன், சுவரை நனைத்து நனைத்து. (வீடு ரொம்பப் பழையது என்றால் அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். முதலில் பரிசோதித்துவிடுங்கள், உலர்வாக எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பவே வேண்டாம்.) பிறகு சுவரில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு நான்கு கோட் அடித்தேன். ஈரத்தில் பார்த்தால் ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாகும் பொருள் அது. காரம் அதிகம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. பூஞ்சைக்கு ஆகாததும் அந்தக் காரம்தான், சுவரும் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. அந்த மூலை இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. குறை என்றால், ஆரம்பத்தில் உரசினால் சட்டையில் வெள்ளை ஒட்டியது, கறை பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ முடியாது. அந்த இடத்தில் இன்னொரு கை அடித்துவிட்டால் போதும். இன்னொன்று, சுண்ணாம்பு கார்பனை உறிஞ்சுகிறது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வெளியே போனதைத்தான் அது திரும்ப எடுக்கிறது, சூளைக்கு எரித்த எரிபொருளின் புகைக் கணக்கு அப்படியே நிற்கிறது.

கூடத்துக்கு 'வாசனையற்ற' பெயின்ட் வாங்கினேன். ஆவியாகும் ரசாயனம் அறவே இல்லை என்று டப்பாவில் இருந்தது, ஆனால் அந்த வாக்குறுதி வெள்ளை அடிப்படைப் பெயின்ட்டுக்குத்தான். நான் கேட்ட அடர்பச்சைக்காகக் கடையில் கலந்த நிறக் குழம்பில் அந்த ரசாயனம் இருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. வெளிர் நிறமாக எடுத்திருக்க வேண்டும். மற்றபடி நன்றாக உழைக்கிறது, துடைக்கவும் முடிகிறது.

அப்புறம் அலமாரி. என் பெரிய வருத்தம் இதுதான். மரக்கழிவில் செய்தது, ஒரு மரமும் வெட்டவில்லை என்று சொன்னதில் மயங்கிவிட்டேன். கழிவு மரத்தூள்தான், சரி, அதை எது சேர்த்து ஒட்டுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த மாதிரிப் பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பசையிலிருந்து அது மெல்ல மெல்ல ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும், வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக வெளியேறும். முதல் சில மாதங்கள் கதவைத் திறந்தாலே கண் எரிந்தது. இரண்டாம் வருடம் கீல் திருகு கழன்றது, திரும்ப முடுக்கினால் பிடிமானமே இல்லை, உள்ளே வெறும் தூள். தரை துடைக்கும் தண்ணீர் பட்டு ஒரு கால் ஊதிப்போனது.

இதே நேரத்தில், தூக்கிப்போட இருந்த பழைய மர அலமாரியைக் கடைசி நேரத்தில் மனம் மாறித் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். காய நாள் கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். சில டப்பாக்களில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு வாளியில் போட்டிருந்தேன், கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் சுடுகிறது! இந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். துணியை விரித்து வெளியே காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். வருடம் ஒருமுறை ஒரு பூச்சு போடுகிறேன், வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அழகாக இருக்கிறது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். சணல் விரிப்பு முதல் மாதங்களில் நார் நாராக உதிர்ந்தது, ஈரம் பட்டால் நாறும், குளியலறைப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். பழைய திரைச்சீலையில் தைத்த தலையணை உறைகள் இன்னும் ஓடுகின்றன. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி போட்டதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, மஞ்சள் ஒளி வேண்டுமானால் 2700 கெல்வின் என்று பார்த்து வாங்கினால் போதும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி ஒரு டஜன் தொட்டிச் செடி வாங்கியதும் நடந்தது. அதற்கு எல்லாரும் காட்டும் 1989 நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் செய்தது. 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகவே ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது, ஆயிரம்வரைகூடப் போகலாமாம். அப்புறம் நமக்கு நிற்க இடம் ஏது! சன்னலைத் திறந்துவிட்டேன், மூன்று செடியை மட்டும் ஆசைக்காக வைத்திருக்கிறேன்.

அந்த மரத்தூள் அலமாரி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கண் எரிச்சல் அடங்கிவிட்டது, ஊதிய காலுக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன். குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகப் 'பசுமை அலமாரி' வாங்கலாமே என்று வீட்டில் ஒரு குரல் எழுந்தது. அதுவாக விழட்டும், அதுவரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.