பின்னணிச் சரிபார்ப்புச் சேவை: மூன்று ஆண்டுகளும் ஓர் இனிஷியலும்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் பின்னணியைச் சரிபார்த்து அறிக்கை தரும் சேவை ஒன்றின் விலையைக் குறைத்துவிட்டார்களாமே, எடுக்கலாமா என்று கோவையில் தொழில் நடத்தும் நண்பர் சென்ற வாரம் கேட்டார். சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்துகொண்டு அந்தச் சேவையை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன் என்றாலும், ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, நண்பருக்குத் தெரியும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டு உறுதிசெய்கிறார்கள். நான் கண்ணால் பார்த்து நம்பிவிட்ட இரண்டு போலி மதிப்பெண் பட்டியல்களை அப்படித்தான் பிடித்தார்கள். ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் சம்பளம் வாங்கியவரை வருங்கால வைப்புநிதிக் கணக்கு வரலாறு காட்டிக்கொடுத்தது. அறிக்கையும் சொன்ன நாளில் வந்துவிடுகிறது.

என் ஆத்திரமெல்லாம் நீதிமன்றப் பதிவுத் தேடல் மீதுதான். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை மட்டுமே அறிந்த மென்பொருளுக்கு நம் ஊர் இனிஷியல் விளங்குவதில்லை. எஸ். குமார் என்றொருவர் விண்ணப்பித்திருந்தார். அவருக்குச் சிவப்புக் குறியிட்டு, ‘சாத்தியமான பொருத்தம்’ என்ற தலைப்பில் சேலத்துக் காசோலை வழக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வழக்கு விவரத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் தந்தை பெயர் செல்வராஜ்; நம் விண்ணப்பதாரரின் தந்தையோ சுப்பிரமணியன். அந்தப் பக்கம் வரை வாசிக்காமலேயே நான் அறிக்கையைத் துறைத்தலைவர் உட்பட மூவருக்கு அனுப்பிவிட்டேன். “சார், செல்வராஜ் யாருன்னே எனக்குத் தெரியாது” என்று குமார் தொலைபேசியில் சொன்னபோதுதான் திரும்பப் படித்தேன். நாங்கள் தெளிந்து பணி ஆணை அனுப்புவதற்குள் அவர் வேறிடத்தில் சேர்ந்துவிட்டார்.

சேவையாளரிடம் முறையிட்டபோது, இறுதி முடிவு வாடிக்கையாளருடையது என்ற ஒப்பந்த வரியை எடுத்துக்காட்டினார்கள். எரிச்சல் என்னவென்றால், சட்டமும் ஏறக்குறைய அவர்கள் பக்கமே பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை, வேலையை வெளியாளிடம் ஒப்படைத்திருந்தாலும், நம் தலையிலேயே வைக்கிறது. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால் மட்டுமே இப்போதைக்கு மூச்சு விடுகிறோம். அவதூறோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்தே குற்றம்தான், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கு அதில் விலக்கு உண்டு. ஆனால், உரிய கவனமின்றிச் செய்தது நல்லெண்ணமாகாது என்பது அதே சட்டத்தின் வரையறை. பதினோராம் பக்கத்தைப் படிக்காமல் மூவருக்கு அனுப்பியவன் அந்த விலக்கை எந்த முகத்தோடு கேட்பது?

முந்தைய மேலாளரிடம் பெறும் கருத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘ஆள் சரியில்லை’ என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிடுகிறார்கள். எங்களிடமிருந்து விலகியவர்களைப் பற்றி யாராவது கேட்டால், பணிக்காலத்தையும் பதவியையும் தவிர வேறெதுவும் நான் சொல்வதில்லை. கோழைத்தனம்தான், மாற்றிக்கொள்ளும் எண்ணமில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். நேற்று மாலை மறுபடியும் ஒரு சிவப்பு அறிக்கை வந்தது, இம்முறை எம். ராஜா. தந்தை பெயரைத் தேடி நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன், பொருந்தவில்லை. நண்பரே, எடுக்க வேண்டாம்.