கிளேர் டோமலின் சுயசரிதை: ஊரார் வாழ்க்கைய எழுதினவங்க தன் வாழ்க்கைய எழுதினா?

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம், குடுத்த காசுக்கு நஷ்டமில்ல. ஆனா யார் வாங்கணும், எப்ப படிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

புக்கு பேரு 'எ லைஃப் ஆஃப் மை ஓன்', 2017ல வந்தது. எழுதினது கிளேர் டோமலின். 1933ல லண்டன்ல பிறந்தவங்க, எழுத்தாளர்களோட வாழ்க்கை வரலாறு எழுதறதுல இங்கிலாந்துல முதல் வரிசை ஆளு. டிக்கன்ஸ், ஜேன் ஆஸ்டின், தாமஸ் ஹார்டி, டைரி எழுதியே பேர் வாங்கின சாமுவேல் பீப்ஸ்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு புக்கு. அதுக்கெல்லாம் முன்னாடி 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வாரப் பத்திரிகைலயும் அப்புறம் 'சண்டே டைம்ஸ்'லயும் இலக்கியப் பக்கத்துக்கு எடிட்டர். எண்பது வயசு தாண்டினப்புறம்தான் சரி நம்ம கதையையும் எழுதுவோம்னு உக்காந்திருக்காங்க.

ஆரம்பமே தூக்கிவாரிப் போடும். அப்பா எமில் டெலவெனே பிரெஞ்சுக்காரர், அம்மா மியூரியல் ஹெர்பர்ட் இங்கிலீஷ்காரி. ரெண்டு பேருக்கும் ஆகாது. அப்பா பிற்காலத்துல அவரோட சொந்த நினைவுக் குறிப்புல என்ன எழுதி வெச்சிருக்கார்னா, கார்ன்வால்ல கடலோரப் பாறை மேல நடந்து போறப்ப பொண்டாட்டிய கொன்னுடலாமான்னு தோணுச்சாம், அன்னிக்கு ராத்திரிதான் இந்தம்மா கருவானதாம். பெத்த பொண்ணு படிக்கும்னு தெரிஞ்சே எழுதியிருக்கார் மனுஷன்! அத இந்தம்மா எடுத்து, ஐயோ அப்பான்னு ஒரு வார்த்தை இல்லாம, யாரோ மூணாவது மனுஷன் வீட்டு ஆவணத்த எடுத்து வெக்கற மாதிரி வெச்சிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிடறாங்க. புக்கு முழுக்க இந்த தோரணைதான். இது பிடிச்சா புக்கு பிடிக்கும், பிடிக்கலன்னா பாதியில மூடிடுவீங்க.

அம்மாவ பத்தி வர்ற இடத்துல மட்டும் குரல் கொஞ்சம் இளகுது. அவங்க ஒரு இசையமைப்பாளர், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸோட கவிதைக்கெல்லாம் மெட்டு போட்டு பாரிஸ்ல அவர்கிட்டயே காட்டினவங்க. கல்யாணம் உடைஞ்சு பிள்ளைங்கள வளர்க்கறதுல பாட்டெல்லாம் பொட்டிக்குள்ள போயிடுச்சு. அவங்க செத்து ரொம்ப வருஷம் கழிச்சு 2009ல அந்த பாட்டுங்க சிடியா வந்துச்சு, அதுக்கு அலைஞ்சது பொண்ணுதான். நான் தேடிப் பிடிச்சு கேட்டேன், நல்லாவே இருக்கு.

கேம்பிரிட்ஜ்ல நியூன்ஹாம் காலேஜ், 1954ல முதல் வகுப்பு. அதுக்கப்புறம் ஹைன்மன் பதிப்பகத்துல வேலைக்குப் போனா, இன்டர்வியூ பண்ணவர் இவங்க முக லட்சணத்துக்கு பத்துக்கு ஏழு மார்க்குன்னு எழுதி வெச்சிருக்கார், பின்னாடிதான் இவங்களுக்கு தெரியுது. படிச்ச படிப்புக்கு அது மார்க்கு! இதையும் கோவப்படாம சொல்றாங்க, நமக்குத்தான் பத்திக்கிட்டு வருது.

புருஷன் நிக் டோமலின் பேர் போன பத்திரிகைக்காரர். பத்திரிகைத் தொழில்ல ஜெயிக்க எலி மாதிரி தந்திரமும், ஆள நம்ப வெக்கற பேச்சும், கொஞ்சூண்டு எழுத்துத் திறமையும் போதும்னு அவர் சொன்னத இங்கிலாந்துல இன்னிக்கும் மேற்கோள் காட்டுவாங்க. ஆனா வீட்டுல? வேற பொண்ணுங்களோட போறதும் திரும்பி வர்றதுமா அல்லாட விட்டிருக்கார். மூணு பொண்ணு, பிறந்து கொஞ்ச நாள்லயே போன ஒரு பையன், அப்புறம் 1970ல முதுகெலும்பு குறையோட பிறந்த டாம். 1973 அக்டோபர்ல அரபு இஸ்ரேல் போர் பத்தி எழுதப் போன நிக், கோலன் குன்றுகள்ல சிரியா ஏவுகணைல செத்துப் போறார். வயசு வெறும் 41.

அப்ப இவங்க கையில இருந்த வேலை, பதினெட்டாம் நூற்றாண்டுலயே பெண் உரிமை பத்தி எழுதின மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டோட வாழ்க்கை வரலாறு. நியூ ஸ்டேட்ஸ்மன்ல அவங்கள பத்தி ஒரு கட்டுரை எழுதப் போக, அத பாத்து பதிப்பாளருங்க புக்கா எழுதுங்கன்னு கேக்க ஆரம்பிச்சதுதான், எழுதச் சொல்லி தூண்டினதே நிக்தான். 1974ல புக்கு வந்து பரிசும் வாங்குது, அதே வருஷம் எடிட்டர் வேலையும் ஆரம்பிக்குது. நாலு பிள்ளைங்க வீட்டுல, அதுல ஒண்ணு சக்கர நாற்காலில. இத படிக்கறப்ப, எப்படிம்மா சமாளிச்சீங்கன்னு கேக்கணும் போல இருக்கும், ஆனா இந்தம்மா அதையெல்லாம் விளக்கிட்டு இருக்க மாட்டாங்க, எந்த ஸ்கூலு, எந்த வேலைக்கார அம்மா, எந்த ட்ரெயின்னு போயிட்டே இருக்காங்க.

1980ல ரெண்டாவது பொண்ணு சுசானா மன அழுத்தத்துல தற்கொலை பண்ணிக்கறாங்க. அந்த அத்தியாயத்த பத்தி இங்க அதிகம் எழுத விரும்பல. அது வருதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, மனசு சரியில்லாத நாள்ல கையில எடுக்காதீங்க, அவ்ளோதான்.

பத்திரிகை ஆபீஸ் பகுதிங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. நியூ ஸ்டேட்ஸ்மன்ல இவங்களுக்கு அடுத்து அந்த நாற்காலில உக்காந்தது மார்ட்டின் ஏமிஸ், சண்டே டைம்ஸ்ல இவங்களுக்கு கீழ வேலை பாத்தது ஜூலியன் பார்ன்ஸ், பின்னாடி பெரிய நாவலாசிரியருங்களான ரெண்டு பேரும் அப்ப சின்னப் பசங்க. 1986ல சண்டே டைம்ஸ் முதலாளி ரூப்பர்ட் மர்டாக் தன் பத்திரிகைங்கள எல்லாம் ராத்திரியோட ராத்திரியா லண்டன்ல வாப்பிங்ங்கற இடத்துக்கு தூக்கிட்டுப் போய், அச்சுத் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல வேலை இழந்தப்ப, இவங்க எடிட்டர் வேலைய விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. அப்படி வந்ததாலதான் முழு நேரமா புக்கு எழுத முடிஞ்சுது, நமக்கு லாபம்.

இப்ப குறை. எந்த வேலைக்காக நாம இவங்கள கொண்டாடறோமோ அந்த வேலைய பத்தி இந்த புக்குல ரொம்ப கம்மி. கடைசி அத்தியாயங்கள்ல ஒவ்வொரு வாழ்க்கை வரலாறும் ஓட்டமா ஓடிப் போயிடுது. உதாரணத்துக்கு டிக்கன்ஸோட ரகசியக் காதலி நெல்லி டெர்னன் பத்தி 1990ல எழுதின 'தி இன்விசிபிள் வுமன்' இருக்கே, அது ஒரு துப்பறியும் வேலை சார். 1857ல சந்திக்கறப்ப அவருக்கு 45, அந்தப் பொண்ணுக்கு 18. 1860ல டிக்கன்ஸ் வீட்டுல இருந்த கடிதத்த எல்லாம் தீ வெச்சு கொளுத்திட்டார், குடும்பமும் நண்பர்களும் வாய தொறக்கல, அந்தப் பொண்ணே வயச குறைச்சு சொல்லி வேற ஒருத்தர கட்டிக்கிட்டு பழசெல்லாம் மறைச்சிடுச்சு. மிச்சம் இருந்தது என்ன? 1867ல டிக்கன்ஸ் அமெரிக்காவுல தொலைச்ச ஒரு பாக்கெட் டைரி, ரொம்ப வருஷம் கழிச்சு நியூயார்க்ல கிடைக்குது, அதுல அங்கங்க நெல்லிய குறிக்கற 'N'னு ஒத்த இங்கிலீஷ் எழுத்து, லண்டன் பக்கத்துல ஸ்லோங்கற ஊருக்கு எந்த ட்ரெயின்ல போனார்னு சுருக்கக் குறிப்பு. ஸ்லோ ஊர் வரி ரிஜிஸ்டர்ல பாத்தா ட்ரிங்கம்னு பொய்ப் பேர்ல ஒரு வீடு. மத்தவங்க கண்டுபிடிச்ச துண்டுகளையும் தான் தேடினதையும் சேர்த்து வெச்சு, டிக்கன்ஸ்கிட்ட இருந்து பார்வைய திருப்பி, இந்தப் பொண்ணோட வாழ்க்கைனு ஒண்ணு இருந்துச்சுல்லன்னு கேட்டதுதான் இவங்களோட சாமர்த்தியம். புக்கு வந்தப்புறம் ஒரு வாசகர் கடிதம் போடறார், டிக்கன்ஸ் சாகறதுக்கு முன்னாடி மயங்கி விழுந்தது அவர் வீட்டுல இல்ல, லண்டன் பெக்கம்ல நெல்லி வீட்டுலன்னு எங்க குடும்பத்துல ஒரு பேச்சு உண்டுன்னு. அத அடுத்த பதிப்புல தனி பின்னிணைப்பா சேர்த்து, இதுக்கு சாதகம் இது, பாதகம் இதுன்னு எடை போட்டிருக்காங்க, தீர்ப்பு சொல்லல. இப்படிப்பட்ட ஆளு தன் வேலைய எப்படி செஞ்சேன்னு நூறு பக்கம் எழுதியிருந்தா நான் கும்பிட்டிருப்பேன்.

இன்னொரு வருத்தம், ரெண்டாவது புருஷன் மைக்கேல் ஃப்ரெய்ன் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. நாடகம், நாவல் ரெண்டுலயும் பெரிய ஆளு அவர். 2002ல விட்பிரெட்ங்கற பிரிட்டிஷ் இலக்கியப் பரிசுல அவரோட நாவலும் இவங்களோட பீப்ஸ் புக்கும் கடைசி சுத்துல நேருக்கு நேர், ஒரே வீட்டுக்குள்ள போட்டி, ஜெயிச்சது பொண்டாட்டி. இத வெச்சு எவ்ளோ சுவாரசியமா எழுதியிருக்கலாம். அடுத்தவங்க கடிதத்த வரி விடாம படிச்சவங்க, தன் வீட்டுக் கதவ மட்டும் பாதி சாத்தி வெச்சுக்கிட்டாங்க. உயிரோட இருக்கறவர பத்தி எழுத கூச்சம் இருக்கும், நியாயந்தான், ஆனா வாசகனா எனக்கு ஏமாத்தம்தான். நடுவுல விருந்து, யார் யார் வந்தாங்கன்னு பேர் பேரா அடுக்கற பக்கங்கள நான் தாண்டிட்டுதான் போனேன்.

இங்கிலீஷ் எளிமை, அகராதி தேவைப்படாது, வாக்கியம் எல்லாம் குட்டி குட்டி. நான் ஆன்லைன்ல பழைய புக்கு விக்கற ஒருத்தர்கிட்ட வாங்கினேன், 'புதுசு மாதிரி'ன்னு போட்டுட்டு அட்டை மடங்கினத அனுப்பிட்டாங்க, உள்ள பக்கங்க சுத்தமா இருந்ததால விட்டுட்டேன்.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். பத்திரிகை வேலைல இருக்கறவங்க, வாழ்க்கை வரலாறு எழுதணும்னு ஆசை இருக்கறவங்க கண்டிப்பா வாங்குங்க. இவங்க எழுதின எதையுமே இதுவரைக்கும் படிக்காதவங்க இதுல ஆரம்பிக்காதீங்க, முதல்ல நெல்லி டெர்னன், அப்புறம் பீப்ஸ், அதுக்கப்புறம் இது. பீப்ஸ்ல 1658ல மயக்க மருந்தே இல்லாம சிறுநீர்ப்பைக் கல்லு எடுக்கற ஆபரேஷன் ஒண்ணு வருது, சாப்பிட்டுக்கிட்டே படிக்க வேணாம். தடியும் ஜாஸ்தி, படுத்துக்கிட்டு படிக்கற பழக்கம் இருந்தா மின்நூலா வாங்கிக்கோங்க, பேப்பர்பேக்கே கை வலிக்குது.