கலக்கத்தை வரைய இரண்டு வழிகள்
ஆந்திரத்தின் நகரி, புத்தூர் வட்டாரத் தமிழ் இளைஞர்கள் செயற்கை நுண்ணறிவு தரும் கலக்கத்தையே டிஜிட்டல் ஓவியமாக்க விரும்பினால், அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. டேப்லெட்டில் ஒவ்வொரு கோட்டையும் தாமே வரைவது முதல் வழி. மூங்கில் பேனாவால் துணியில் தீட்டும் காளத்திக் கலம்காரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பானது, ஆயினும் பெரும்பாலும் அச்சத்தை வெளியே நின்று சுட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தையே கருவியாக்கி, அதன் உள்ளிருந்து கேள்வி எழுப்புவது மற்றது. 2018-இல் காட்சிக் கலைஞர் ஆன்னா ரிட்லர் தாமே எடுத்த 10,000 துலிப் படங்களுக்குக் கைப்பட விவரம் எழுதிக் காட்சிக்கு வைத்தபோது, விவரம் எழுதிய படங்களிலிருந்து இயந்திரம் கற்பதற்குப் பின்னே மறைந்திருக்கும் மனித உழைப்பு கண்முன் வந்து நின்றது. எவ்வளவு திறமையாக வரைந்த ஓவியமும் இதை இத்தனை நேராகக் காட்டிவிடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆகவே இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறேன். ஆனால் இயந்திரம் கற்றுக்கொள்ளத் தரும் பயிற்சிப் படங்கள் சொந்தமானவையாகவோ, வரைந்தவரின் ஒப்புதல் பெற்றவையாகவோ இருக்க வேண்டும். காளத்திக் கலைஞர்களின் கோடுகளை இணையத்திலிருந்து அள்ளி இயந்திரத்துக்கு ஊட்டுவது, நாம் எதிர்க்கும் அதே அநீதி. பிறர் ஏற்கெனவே பயிற்றுவித்த மாதிரியை (படம் உருவாக்கும் மென்பொருளை) சில பத்துப் படங்களால் திருத்திப் பயன்படுத்துவோர், அதன் அடித்தளத்தில் முகமறியாத பலரின் ஓவியங்கள் இருக்கக்கூடும் என்பதைப் படைப்பினுள்ளேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.