சாளையா, மலை அறையா, பாய்மரப் படகா?

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நாலு பேர் கூடினால், சனி ஞாயிறு போய்த் தங்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஆறு நாள் தறிச் சத்தத்திலும் இரும்பு வார்க்கும் பவுண்டரிப் புழுதியிலும் இருப்பவர்களுக்கு ஏழாம் நாள் வேறு காற்று கேட்கிறது. வழக்கமாகச் சொல்லும் பதில் இரண்டுதான். தோட்டத்து வீடான சாளை ஒன்று, இல்லையென்றால் கோத்தகிரி, ஏற்காடு பக்கம் ஓர் அறை. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: கொச்சித் துறையில் கட்டிப்போட்ட சின்னப் பாய்மரப் படகு. நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக 24 அடிப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி நான்கு வருடமாக வைத்திருக்கிறோம். சாளையிலும் மலையிலும் அதற்கு முன்பிருந்தே தங்கி வருகிறேன்.

எது அழகு என்று பார்த்தால் முடிவே வராது. வருடத்தில் எத்தனை சனிக்கிழமை அங்கே போய்ப் படுத்தோம், படுத்த பிறகு வேலை நினைப்பு விட்டதா, இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்வியில் சாளையை எதுவும் மிஞ்சாது. என் மாமனாரின் தென்னந்தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். நினைத்தால் கிளம்பலாம். ஒரம்பரை, உறவு சனம் வந்தாலும் இடம் உண்டு, வயதானவர்கள் படியேற வேண்டாம், கிணற்றில் குளியல், வாசலில் கட்டில். இரண்டாவது கேள்வியில்தான் இடிக்கிறது. போன உடனே மோட்டார் காயில் கருகிப் போயிருக்கும், சொட்டுநீர்க் குழாயை எலி கடித்திருக்கும், வாய்க்கால் தண்ணி முறை சரியாக ஞாயிறு விடியலில் வரும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ, இன்னமும் மட்டைகளில் கரும்படலத்தை விட்டுப் போகிறது. அண்ணாந்து பார்த்தால் அதுதான் கண்ணில் படும். தோட்டம் ஓய்வு தரும் இடமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணில் வேலை செய்தால்தான் மனசு ஆறும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மேலே படிக்கவே வேண்டாம்.

மலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். குளிர் அருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் விடுமுறை நாள்தான் எல்லாருக்கும் விடுமுறை நாள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார இறுதியில் நாளுக்கு 8,000 வண்டி, மற்ற நாளில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலையின் நன்மைக்கு அது தேவைதான். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. குழந்தைகள் வாந்தியெடுத்து இறங்கும்போதே பாதி சனிக்கிழமை முடிந்திருக்கும்.

சரி, தண்ணீர்தான் வேண்டுமென்றால் நம்மூரில் அணைக்கென்ன பஞ்சம் என்று கேட்பார்கள். மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு, அமராவதி எல்லாம் பாசனத்துக்கும் குடிப்பதற்கும் தேக்கிய தண்ணீர். பவானிசாகரைச் சுற்றி யானை நடமாட்டம், அமராவதி அணையில் முதலை. நம் சொந்தப் படகை விட்டு ராத்திரி தங்கும் இடங்கள் அவை இல்லை. சென்னையில் 1911-லிருந்து பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது, ஆனால் 500 கிலோமீட்டர். கொச்சி 190 கிலோமீட்டர்தான். பாலக்காட்டைத் தாண்டியுள்ள குதிரான் சுரங்கச் சாலை திறந்த பிறகு, வெள்ளி இரவு சாப்பிட்டுக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் படகில் இருக்கலாம். பழங்காலத்தில் நம் கொடுமணல் ஊரில் செய்த கல்மணிகள் சேரநாட்டு முசிறித் துறைக்குப் போன அதே பாலக்காட்டுக் கணவாய் வழிதான். கொங்குக்காரனுக்குப் பக்கத்துக் கடல் எப்போதுமே மேற்கில்தான் இருந்திருக்கிறது.

இனி படகு. 24 அடி என்றால் உள்ளே எவ்வளவு இடம்? அகலம் 8 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது, நடுவில் குனிந்து நிற்கலாம். முன்பக்கம் முக்கோணமாக ஒரு படுக்கை, அதில் இரண்டு பேர் படுத்தால் கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். பக்கத்துக்கு ஒரு பெஞ்சு, அதுவும் ராத்திரி படுக்கைதான். ஒற்றை அடுப்பு, ஐஸ் பெட்டி, கையில் தூக்கிப் போகிற கழிப்பறை, சோலார் தகடு, அதில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் வீடு. நாலு பேருக்கு மேல் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும். கடுகு தாளிப்பது போல விடாமல் பொரிந்துகொண்டே இருக்கும். முதல் ராத்திரி படகு விரிசல் விடுகிறதோ என்று எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்களின் சத்தம் அது. இப்போது அது கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. விடிந்ததும் துறையில் ஒருவர் "சாளே, சாளே" என்று கூவிக்கொண்டு போவார். நம்மூரில் சாளை என்றால் தோட்டத்து வீடு, அங்கே மத்தி மீன். வாங்கி ஒற்றை அடுப்பில் வறுத்தால் படகு முழுக்க இரண்டு நாளைக்கு அந்த வாசம்தான்.

தை, மாசியில் காற்று சொன்ன சொல் தவறாது. காலையில் கரையிலிருந்து மெல்லியதாக வீசும், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து திரும்பும். அந்தக் கடல்காற்றில் பாய் இரண்டையும் ஏற்றி இன்ஜினை நிறுத்தும் நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனையும். சுக்கான் பிடித்திருக்கும்போது பவுண்டரி நினைப்பு வர இடமே இல்லை. கையும் கண்ணும் காற்றோடு இருக்கும். என் இரண்டாவது கேள்விக்குப் படகு தந்த பதில் இது. சாளையும் மலையும் இதைத் தரவில்லை.

ஆனால் விலை உண்டு. வாங்கும் விலையை விட வைத்திருக்கும் செலவுதான் பெரிது. துறை வாடகை மாதம் தவறாது. வருடம் ஒரு முறை கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு சுரண்டி, அடிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மூடி வைக்காத பாயை வெயில் தின்றுவிடும். இன்ஜின் மாட்டியிருந்தால் 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, காப்பீடு வேண்டும். கப்பல் தடத்திலும் கடற்படைப் பகுதியிலும் நங்கூரம் போடக் கூடாது. தெற்கே வேம்பநாட்டுக்குள் போகப் பாலங்கள் தடுக்கும். 30 அடி உயரப் பாய்மரத்தோடு அடியில் நுழைய முடியாது, சாய்க்கிற மாதிரி மரம் இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை வந்து மொய்க்கும். உக்கடம் பெரியகுளத்தில் நாம் பார்க்கிற அதே செடிதான். ஒருமுறை புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. எதிரே பயணிகள் படகு ஹாரன் அடித்துக்கொண்டு வர, கத்தியோடு குப்புறப் படுத்து அறுத்தெறிந்தோம்.

தென்மேற்குப் பருவமழையில் படகு கரையில்தான். கேரளத்தில் விசைப்படகுகளுக்கே ஜூன், ஜூலையில் 52 நாள் தடை என்றால் நம் 24 அடிக்குக் கடலில் என்ன வேலை? வைகாசியில் ஏற்றினால் புரட்டாசியில்தான் இறக்குகிறோம். உடுமலைக் காற்றாலைகள் சுழன்று தள்ளும் ஆடி மாதம் நமக்குப் பாயில்லாத மாதம். ஆக, 52 வாரத்தில் 18 போச்சு. மீதி 34-ல் போன வருடம் நான் போனது 13. சாளைக்கு 20-க்கு மேல் போயிருப்பேன்.

ஆலப்புழை கெட்டுவள்ளம் எடுத்தால் இந்தத் தொல்லை ஏதும் இல்லையே என்பார்கள். உண்மைதான். கயிறால் தைத்த அழகான படகு, சமைத்துப் போட ஆள், மெத்தை. வருடம் இரண்டு முறை போகிறவர்களுக்கு அதுதான் கணக்குக்கும் சரி. ஆனால் சாயங்காலம் கரையோரம் கட்டிவிடுவார்கள், அப்புறம் ஜெனரேட்டர் சத்தம்தான். அதில் நாம் விருந்தாளி, சுக்கான் நம் கையில் வராது.

"ஏனுங் மாப்பிள்ளை, தண்ணி மேல எதுக்குங் வூடு?" என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாசி மாதம் கூட்டிப்போனேன். கால்வலிக்காரர், ஏறி இறங்கவே சிரமப்பட்டார். ராத்திரி வெளித்தட்டிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். காலையில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம், "மறுக்கா எப்பங் போறீங்க?" என்றார்.

என் தீர்ப்பு இதுதான். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் குடும்பம் என்றால் சாளை. இரண்டு பேர், நல்ல உடல்நிலை, காற்றின் மேல் ஆசை என்றால் படகு. அதுவும் தனியாக வாங்காதீர்கள், மூன்று பேர் கூட்டு. 26 அடியைத் தாண்டாதீர்கள். தாண்டினால் செலவும் தாண்டும், இருவரால் கையாளவும் முடியாது. மலைக்கு வாடகை அறை போதும், அதுவும் கூட்டமில்லாத செவ்வாய், புதனில்.

பழைய படகு பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். எங்கள் இரண்டாம் வருட ஐப்பசியில், பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த ஆள் மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை. காகம் போட்ட குச்சி வடிதுளையை அடைத்து, கேபினில் கணுக்கால் அளவு தண்ணீர், மெத்தையெல்லாம் பூஞ்சணம். தலையில் கைவைத்து நின்ற எங்களிடம் பக்கத்துப் படகுக்காரர், "நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். சப்பென்று இருந்தது. மழைத் தண்ணீர், படகு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் கோடையில் போய்ப் பாருங்கள். அடித்தட்டுப் பலகையைத் தூக்கி, கீழே தேங்கியதில் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் விலை பேசாமல் வண்டியேறிவிடுங்கள்.