பினாங்குப் பூங்காவா, சிங்கப்பூர்ப் பூங்காவா?

பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை வந்தாலே இந்தப் பேச்சு எழும்: தாவரவியல் பூங்கா பார்க்கப் பினாங்கு போவதா, சிங்கப்பூர் போவதா?

தூரத்தில் போட்டியே இல்லை. பினாங்குக்குக் காலையில் காரில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சிங்கப்பூருக்குப் பாஸ்போர்ட் வேண்டும், ஜொகூர் பாலத்தில் காத்துக் கிடக்க வேண்டும், ஓர் இரவாவது தங்க வேண்டும். நுழைவு இரண்டிலும் இலவசம். சிங்கப்பூரில் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம்.

பினாங்குப் பூங்கா 1884இல் உருவானது. தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்தில்தான், கும்பிட்டுவிட்டுப் போகலாம். நாகலிங்க மரத்தைத் தவறவிடாதீர்கள். கிளை நுனியில் பூவைத் தேடாதீர்கள். அடிமரத்திலேயே முளைத்துத் தொங்கும் காம்புகளில்தான் பூக்கும். நடுவில் லிங்கம்போல் ஒரு குமிழ், அதன்மேல் படமெடுத்துக் கவிந்த நாகம். பாட்டிமார் அந்த இடத்தை விட்டு லேசில் நகர மாட்டார்கள். குரங்குகள் பொல்லாதவை, சாப்பாட்டுப் பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பூங்கா 1859இல் தொடங்கி, 82 ஹெக்டேரில் விரிந்தது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்தது. பராமரிப்பிலும் பாதை வசதியிலும் அது ஒரு படி மேல். ஆனால் நான் அதற்குப் பரிந்து பேசுவது வேறு காரணத்துக்காக. 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்து இறங்கியது அங்கேதான். 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற தாவரவியலாளர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை உருவாக்கியதும் அங்கேதான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாத்தா பாட்டி போட்ட அந்தச் சாய்ந்த வெட்டு, அதன் வழியே மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டிய பால், எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பூங்கா. ரப்பர் இல்லையென்றால் நம் ஊரைச் சுற்றி இத்தனை தோட்டம் ஏது, தொழிலாளர் குடியிருந்த லயம் ஏது?

அதனால் சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாள் பயணம் என்றால் பினாங்கே போதும். பால்மரம் வெட்டிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவருக்குக் கால் ஓடும்போதே சிங்கப்பூருக்கு அழைத்துப் போங்கள். பூங்காவுக்குள்ளேயே ஹோல்டம் ஹாலில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போய், பழைய கதையை அவர் வாயாலேயே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் அவருக்கு முடியாதென்றால், கோலாகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877ஆம் ஆண்டுக் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. நம் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம், அவ்வளவுதான்.