பவர் ட்யூபே இல்லாத ஆம்பை 'ஆல் ட்யூப்' என்று விற்று, அதற்கு பயஸ் செட் பண்ணியதாகவும் பில் போட்டார்கள்

வீட்டுப் பயிற்சிக்கு கிடார் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள், அதிலும் டிஜிட்டல் மாடலிங்கா (பல ஆம்புகளின் ஒலியைச் சிப்பில் உருவாக்கித் தருவது) ட்யூபா (வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) என்று முடிவு பண்ண முடியாமல் இருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும், ஆனால் நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் எங்கே எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது புரியும்.

நான் கேட்டுப் போனது மாடலிங் ஆம்ப்தான். அடுக்குமாடி வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை, இரவில்தான் வாசிக்க நேரம் கிடைக்கும், ஹெட்போன் கட்டாயம் வேண்டும் என்று எல்லாவற்றையும் கடைக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாடலிங் எல்லாம் விளையாட்டுச் சாமான் சார், அதுல கை பழகவே பழகாது, ட்யூப்ல வாசிச்சாத்தான் விரல் அழுத்தம் தெரியும்" என்றார். அப்புறம் ஒரு காம்போ ஆம்பைக் காட்டினார், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. முன்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு ட்யூப் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. "பவர் ட்யூப் ரெண்டு பின்னாடி இருக்கு, 50 வாட், ஹெட்போன் துளையும் இருக்கு, இதைவிட என்ன வேணும்" என்று சொல்லி, பில்லிலும் 'ஆல் ட்யூப்' என்று, அதாவது ஒலியைப் பெருக்குவது முழுக்க ட்யூப்தான் என்று, கையால் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு சொல் பில்லில் இருப்பதால்தான் இன்று என் கையில் ஆதாரம் என்று ஒன்று இருக்கிறது.

வீட்டில் மாஸ்டர் வால்யூமை ஒன்றுக்கு மேல் நகர்த்த முடியவில்லை. இது அந்த ஆம்பின் கோளாறு இல்லை, கணக்கே அப்படித்தான். கிடார் ஆம்பில் வரும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை சத்தம் தரும். வாட்டைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வாட்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே "50 வேண்டாம், 15 வாட் ட்யூப் எடுங்க, வீட்டுக்கு அடக்கமா இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ட்யூப் ஆம்பைப் பற்றி எல்லோரும் சிலாகிக்கிற அந்த அடர்த்தியும் விரலுக்கு வளைந்துகொடுக்கிற தன்மையும் பெரும்பாலும் பவர் ட்யூப்கள் (ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசிக் கட்ட ட்யூப்கள்) தங்கள் எல்லையைத் தொடும்போது வருவது, அதற்கு வால்யூமை நன்றாக ஏற்ற வேண்டும். என் வீட்டு நிலைமையைக் கேட்டுக்கொண்ட ஒருவர், ஆம்ப் அசலாகவே இருந்திருந்தாலும், அதை எனக்கு விற்றிருக்கக் கூடாது.

கொஞ்ச நாளில் கரகரப்பு ஆரம்பித்தது. கேபிளை அசைத்தால் பொரிகிற சத்தம், சில நேரம் ஒலியே நின்றுபோகும். அதே கடையின் சர்வீஸ் பிரிவில் கொடுத்தேன். "ட்யூப் வீக் ஆயிடுச்சு" என்று வைத்துக்கொண்டு, 'பவர் வால்வு 2 மாற்றம், பயஸ் செட்டிங், லேபர்' என்று மூன்று வரியில் பில் போட்டுத் தொகையை வாங்கிக்கொண்டார்கள். எடுத்துவந்து செருகினால் அதே கரகரப்பு. மறுபடி போனதற்கு, புது ட்யூப் என்றால் செட்டாகக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார்கள்.

அதற்குமேல் அவர்களிடம் பேசிப் பயனில்லை என்று, மேடைக் கச்சேரிகளுக்கு ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பில்லைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்தார். "தம்பி, இதுல பவர் ட்யூபே இல்லையே, அவங்க எதைக் கழட்டி எதை மாத்தினாங்க?" என்றார்.

உள்ளே இருந்தது 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ட்யூப் ஒரே ஒன்று, அதுவும் டிரைவ் சேனலின் ப்ரீஆம்பில் (கிடாரின் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) மட்டும். பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டர் வகை; ஒரு அலுமினிய ஹீட்சிங்கில் ஐசி திருகப்பட்டிருந்தது. பவர் ட்யூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. நான் பார்த்து மயங்கிய ஆரஞ்சு வெளிச்சம், ட்யூப் சாக்கெட்டின் நடுத் துளைக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு எல்இடி. அவர் எல்இடியின் வயரை மட்டும் எடுத்துவிட்டு ஆம்பைப் போட்டுக் காட்டினார்: ட்யூபின் நிஜமான ஹீட்டர், உற்றுப் பார்த்தால் தெரிகிற மங்கலான ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கரகரப்புக்குக் காரணம் இன்புட் ஜாக்கில் சால்டர் விட்டுப்போயிருந்தது. ஒரு பொட்டு சால்டரில் சரியாகிவிட்டது.

பயஸ் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிறையப் பேரிடம் காசு பிடுங்குகிறார்கள். இஎல்34, 6எல்6 மாதிரி பவர் ட்யூப்களை மாற்றும்போது, ஃபிக்ஸட் பயஸ் வகை ஆம்பாக இருந்தால், சும்மா இருக்கும்போது ஓடுகிற மின்னோட்டத்தை அளந்து சரிசெய்ய வேண்டும். தானே சரிசெய்துகொள்கிற கேத்தோடு பயஸ் வகையில் பொதுவாக அந்த வேலையே இல்லை. ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐ மாற்றினாலும் வழக்கமாகத் தேவையில்லை. என் ஆம்பில் பயஸ் செட் பண்ணுவதற்கு ஒரு இடமே இல்லை.

ஒரு ட்யூபும் மீதி டிரான்சிஸ்டருமாக ஆம்ப் செய்வது தப்பில்லை. மார்ஷல் 1991-ல் கொண்டுவந்த வால்வ்ஸ்டேட் வரிசை அந்த மாதிரிதான், வெளிப்படையாக அப்படியே விற்றார்கள். ட்யூபே இல்லாத ரோலண்டின் ஜேசி-120 1975-ல் வந்தது, கிளீன் ஒலிக்கு இன்றும் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைப்ரிட் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியது: ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, உங்கள் எதிரில் மறுபடி போடச் சொல்லுங்கள். நிஜ ட்யூப் ஆம்பில் ஹீட்டர் சூடேறும்வரை, பத்துப் பதினைந்து நொடியாவது, ஒலி வராது, வெளிச்சமும் மெதுவாகத்தான் ஏறும். போட்ட அந்த நொடியே ட்யூப் பளிச்சென்று எரிந்து கிளீன் சேனலில் ஒலியும் வந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கச் சல்லடை வழியாக மொபைல் டார்ச் அடித்தாலே பவர் ட்யூப்கள் தெரியும், சேசிஸில் குறைந்தது இரண்டு இரும்புக் கட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்க வேண்டும், பவருக்கு ஒன்று அவுட்புட்டுக்கு ஒன்று. ஹெட்போன் துளை இருந்தால் ஏன் எப்படி என்று கேளுங்கள். பெரும்பாலான ட்யூப் ஆம்புகளை ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இல்லாமல் ஓட்டக் கூடாது, ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விடலாம். தயவுசெய்து நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். ட்யூப் ஆம்பின் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300, 400 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும், ஆளைக் கொல்லும்.

மாடலிங் பக்கமும் கடையில் ஒரு வித்தை நடக்கும், ரிவெர்ப், டிலே என்கிற எதிரொலி எஃபெக்ட்டுகளைக் கொட்டி வைத்த பிரீசெட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். எல்லா எஃபெக்ட்டையும் அணைத்துவிட்டு, நீங்கள் வீட்டில் வாசிக்கும் சத்தத்துக்கு இறக்கிக் கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் நான் இப்போதைய மாடலிங் ஆம்பை வேறு இடத்தில் வாங்கினேன். ஆரம்பகால மாடலிங் கருவிகளில் ஒன்றான லைன் 6-இன் பாட் வந்தது 1998-ல், அன்றைக்கு இதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லியிருந்தாலாவது கேட்டுக்கொள்ளலாம். இன்று பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா மாதிரி ஆம்பில் அரை வாட் நிலையே தனியாக இருக்கிறது, ஹெட்போனில் ஸ்பீக்கர் வழியே கேட்பது போன்ற ஒலி வருகிறது, யூஎஸ்பியில் நேராக ரெக்கார்ட் செய்யலாம். இரவில் வாசிக்கிற எனக்கு இதெல்லாம் இருந்தால்தான் பயிற்சி என்ற ஒன்றே நடக்கும். ட்யூப் ஆம்பின் மேல் எனக்கு ஆசை போகவில்லை, சத்தம் போட இடம் கிடைக்கிற அன்று அசலான ஒன்றை வாங்குவேன்.

கடைக்கு இரண்டு பில்லையும் டெக்னீஷியன் எழுதிக் கொடுத்ததையும் படங்களையும் எடுத்துப் போனேன். "உள்ளே ட்யூப் இருக்குல்ல சார், அப்புறம் என்ன" என்றார்கள். சர்வீஸ் பில்லைக் காட்டி, மாற்றிய பழைய பவர் வால்வுகளைக் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றது, சர்வீஸ் தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆம்புக்கான பணத்தைத் தர முடியாது, பெட்டி பிரித்தாகிவிட்டது என்கிறார்கள். எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. யாருக்காவது சமீபத்தில் 'வால்வு மாற்றம்' என்று பில் வந்திருந்தால், கழற்றிய பழைய வால்வுகளை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பின்பக்கச் சல்லடை வழியாகத் தெரிகிற ட்யூப்களை எண்ணி பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.