இரவிகுளமா, வால்பாறையா: வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எங்கே பலன் தரும்?

காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு மார்கழிதான் ஓய்வு. முகூர்த்தம் கிடையாது. பிள்ளையார் நோன்பு முடிந்த கையோடு கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடலாம். தொழில் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: வழிகாட்டி வைத்துக்கொண்டு காட்டுயிர்ப் படம் எடுக்கப் போவதென்றால், மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவா, ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த வால்பாறையா? இரண்டுக்கும் அப்படிப் போய் வந்தவன் என்ற முறையில், என் ஓட்டு வால்பாறைக்கே.

பயணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரை, தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு. நத்தம், திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாக வால்பாறை. விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் எதையும் எட்டிவிடலாம்.

இரவிகுளத்தின் பலம் வரையாடு. உலகிலேயே அதிக வரையாடுகள் ஒரே இடத்தில் வாழ்வது அங்கேதான். 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதற்குள்தான். பூங்காவில் பயணிகளை விடும் பகுதியான ராஜமலையில் சாலையோரத்திலேயே ஆடுகள் மேயும். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 70-200 லென்ஸே தாராளம். குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். நமக்கும் அப்போது தை, மாசி முகூர்த்தங்கள் இருக்கும் என்பதால் அது ஒரு குறையில்லை.

ஆனால் அங்கே வழிகாட்டி எதற்கு? வனத்துறை பஸ் ஏற்றிச் சென்று இறக்கிவிடுகிறது. அதன்பின் எல்லோருக்கும் ஒரே தார்ச்சாலை. அதைவிட்டு இறங்கக் கூடாது. வாசல் திறந்து, வரிசையில் நின்று, மேலே போய்ச் சேர்வதற்குள் காலையின் இளவெயில் போய்விடுகிறது. வழிகாட்டிக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தையும் பாதையையும் அவரால் மாற்ற முடியாது. முதுகில் வெளுத்த சேணம் போட்டது போன்ற முதிர்ந்த கிடாவைச் சுட்டிக்காட்டுவார். அது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்காகத் தனியாக ஒரு கட்டணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வால்பாறையில் நிலைமை தலைகீழ். அங்கே காடு ஒரே பரப்பாக இல்லை; தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைகள் நிற்கின்றன. எந்தச் சோலையில் எந்த அத்தி இந்த வாரம் பழுத்திருக்கிறது, எந்த எஸ்டேட்டில் அனுமதி கேட்க வேண்டும், முந்தைய இரவு யானை எந்தப் பக்கம் நின்றது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரியும். பெரிய அலகுள்ள காட்டுப் பறவையான பெரிய இருவாச்சி அந்த அத்திப் பழத்தைத் தேடித்தான் வரும். எங்களை அழைத்துப்போனவர் விடிந்தும் விடியாத நேரத்தில் ஜீப்பை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். பேச வேண்டாம் என்று கை காட்டினார். முதலில் வந்தது பறவை அல்ல, துருத்தி ஊதுவது போன்ற சிறகோசை. கேமராவைத் தூக்கித் தயாராக அந்தச் சில நொடிகள் போதுமாக இருந்தன. சிவந்த விழி தெரிந்தது. ஆண் பறவை என்று அதை வைத்தே சொன்னார்.

வால்பாறையின் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சோலைமந்திகளை (சிங்கவால் குரங்குகளை) எடுப்பது இன்னும் எளிது. மனிதர்களுக்குப் பழகியவை, சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம்கூடக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் வெளிச்சத்தில்தான். கறுத்த உடல், வெள்ளிப் பிடரி, பின்னால் வெளுத்த வானம். கேமராவின் கணக்கை நம்பினால் முகம் கரியாகிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக, கூட்டி வைத்தேன், கண்கள் தெரிந்தன. வெயில் கொட்டும் வளவு (வீட்டின் நடு முற்றம்) பின்னால் இருக்க, நிழலில் நிற்கும் மாப்பிள்ளையை எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பறக்கும் இருவாச்சிக்கு 200 மி.மீ. போதாது, 400-க்கு மேல் வேண்டும். நான் வாடகைக்குத்தான் எடுத்தேன். அந்த நீளத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் இன்ன லென்ஸ் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் இரண்டு இடங்களுக்கும் நான் போனதில்லை. இங்கே சொல்வதெல்லாம் மார்கழிக்கு மட்டும். வரையாடு இல்லாமல் மனம் ஆறாது என்பவர்கள், ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் இருக்கும் காட்சிமுனையில் காத்திருக்கலாம். அங்கேயும் வரும், இரவிகுளம் அளவுக்கு உறுதி கிடையாது.

முன்பணம் கொடுக்கும் முன் வழிகாட்டியிடம் கூட்டைப் பற்றிக் கேளுங்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். இரை கொண்டுவருவது ஆண்தான். மரத்தடியில் ஆள் நின்றால் அது இறங்கத் தயங்கும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். “கூட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறேன்” என்று ஆசை காட்டுகிறவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம். வயதான பெற்றோரும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் மட்டும் இரவிகுளத்துக்குப் போங்கள். அதற்கு டிக்கெட் போதும், வழிகாட்டி தேவையில்லை.